கொட்டிலுக்கு மிஞ்சிய மாடுகள்: நகரச் சட்டங்கள் சொல்வது என்ன?

கறவை மாடு வளர்ப்பு சிறு விவசாயிக்குக் கை கொடுக்கும் தொழில் என்பதில் ஐயமில்லை. மழை பொய்த்த ஆண்டிலும் பால் பணம் வாரந்தோறும் வீட்டுக்கு வருகிறது. ஆனால் கொட்டிலில் இடமும், வயலில் தீவனமும், வீட்டில் ஆளும் இருக்கும் அளவுக்கே மாடு இருக்க வேண்டும். அந்த அளவை மீறிச் சேர்ந்துவிடும் மாடுகள் பாதி வயிற்றுடன் நிற்கும். அல்லது காலையில் அவிழ்த்து விடப்பட்டு, தெருவிலும் சந்தையிலும் குப்பைத் தொட்டியிலும் மேயும். கிராமத்தில் இதனால் வரும் சண்டை பக்கத்து வயல்காரருடன் முடிந்துவிடும். நகரத்திலோ, நகரத்தை ஒட்டிய ஊரிலோ இது சட்டத்தின் முன் போய் நிற்கிறது.

பராமரிக்க இயலாத எண்ணிக்கையில் பிராணிகளைச் சேர்த்து வைப்பதை மேல்நாடுகளில் தனிக் குற்றமாகவே பார்க்கத் தொடங்கியுள்ளனர். அமெரிக்காவில் இல்லினாய்ஸ் மாநிலம் 2001-ஆம் ஆண்டில் தன் பிராணி நலச் சட்டத்தில் இதற்கு இலக்கணம் வகுத்தது. அங்கே பிரச்சினை பெரும்பாலும் நாய், பூனை பற்றியது. நம் நாட்டுச் சட்டங்களில் அப்படியொரு தனிப் பெயர் இல்லை. ஆயினும் பல சட்டங்கள் ஒன்று சேர்ந்து அதே காரியத்தைச் செய்கின்றன. அவற்றைத் தெரிந்து வைத்திருப்பது நகரத்தின் அருகே மாடு வைத்திருக்கும் ஒவ்வொரு விவசாயிக்கும் அவசியம். தெரியாமல் இருந்தால் இழப்பது அபராதப் பணம் மட்டுமல்ல. சில வேளைகளில் மாடே கை விட்டுப் போய்விடும்.

ஊர் நகரமாகும்போது

"நான் கிராமத்தான், நகரச் சட்டம் எனக்கு எதற்கு?" என்று பலர் எண்ணுவதுண்டு. ஊர் இருந்த இடத்தில்தான் இருக்கும். எல்லைக் கோடு நகர்ந்து வந்துவிடும். சென்னை மாநகராட்சியின் பரப்பு 174 சதுர கிலோமீட்டராக இருந்தது. 2011-ஆம் ஆண்டில் அது 426 சதுர கிலோமீட்டராக விரிந்தது. அப்போது இணைக்கப்பட்ட 42 உள்ளாட்சி அமைப்புகளில் 25 கிராம ஊராட்சிகளும் அடக்கம். அதன் பின்னர் 2019-ல் ஆவடியும், 2021-ல் தாம்பரமும் மாநகராட்சிகள் ஆயின. தாம்பரத்துடன் மாடம்பாக்கம், திருநீர்மலை, பெருங்களத்தூர் போன்ற பேரூராட்சிகளும் சேர்ந்தன.

அடுத்தடுத்து இருக்கும் இந்த மூன்று மாநகராட்சிகளின் எல்லைக்குள் வயலும் ஏரியும் மேய்ச்சல் நிலமும் இருந்த ஊர்கள் பல. முந்தின ஆண்டு வரை ஊராட்சித் தலைவரிடம் பேசித் தீர்த்துக் கொண்ட காரியத்துக்கு, மறு ஆண்டு மாநகராட்சி மண்டல அலுவலகத்துக்குப் போக வேண்டியதாயிற்று. மற்ற நகரங்களைச் சுற்றியுள்ள ஊர்களுக்கும் இதே நிலை வரலாம். ஆகவே எல்லை விரிகிறது என்ற செய்தி காதில் விழும்போதே கொட்டிலைப் பற்றியும் யோசிப்பது நல்லது.

உரிமம் கேட்கும் சட்டம்

தமிழ்நாட்டில் நகர்ப்புறங்களில் விலங்குகள், பறவைகள் வளர்ப்பதைக் கட்டுப்படுத்தவும் முறைப்படுத்தவும் 1997-ஆம் ஆண்டில் தனிச் சட்டம் இயற்றப்பட்டது. நகர எல்லைக்குள் இவற்றை வளர்ப்பவர் உரிமம் பெற வேண்டும் என்பது அதன் சாரம். மாநகராட்சி, நகராட்சி, பேரூராட்சி ஆகியவற்றுக்குப் பொதுவான நகர்ப்புற உள்ளாட்சி அமைப்புகள் சட்டம் 1998-ஆம் ஆண்டில் இயற்றப்பட்டு, 2023 ஏப்ரல் 13 முதல் அதன் விதிகளுடன் நடைமுறைக்கு வந்தது.

இவற்றுக்கெல்லாம் முன்பே மத்திய அரசு ஒரு விதியைக் கொண்டு வந்திருந்தது. பிராணிவதைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் 1978-ஆம் ஆண்டில் வந்த கால்நடைக் கொட்டில் பதிவு விதிகள் அவை. ஒரு லட்சத்துக்கு மேல் மக்கள்தொகை உள்ள நகரத்தில், லாபத்துக்காக ஐந்து அல்லது அதற்கு மேற்பட்ட மாடுகளை வைத்திருப்பவர் அந்தக் கொட்டிலைப் பதிவு செய்ய வேண்டும் என்று அந்த விதிகள் கூறுகின்றன. காற்றோட்டம், வெளிச்சம், சாணமும் மூத்திரமும் வெளியேற வழி, துப்புரவு ஆகியவை சரியாக உள்ளனவா என்று அதிகாரிகள் பார்ப்பார்கள்.

இந்த ஐந்து என்ற கணக்கை மனத்தில் கொள்வது நல்லது. இரண்டு மாட்டுடன் தொடங்கியவர், கன்று, கிடேரி, சினை மாடு என்று மூன்று நான்கு ஆண்டுகளில் தாம் அறியாமலேயே அந்த எண்ணிக்கையைத் தொட்டுவிடக் கூடும். இது எண்ணிக்கைக்கு விதித்த தடை அல்ல. இத்தனைக்கு மேல் போனால் கொட்டில் அதிகாரியின் பார்வைக்கு வர வேண்டும் என்பதே இதன் பொருள்.

சென்னையின் அபராதம்

நகரத்துக்குள் உரிமத்தைவிட விவசாயியை அதிகம் பாதிப்பது தெருவில் பிடிபடும் மாட்டுக்கான அபராதம்தான். சென்னையில் பிடிபடும் மாடுகள் புதுப்பேட்டை, பெரம்பூர் ஆகிய இடங்களில் உள்ள மாநகராட்சித் தொழுவங்களுக்குக் கொண்டு போகப்பட்டு வந்துள்ளன.

2023 ஆகஸ்டு மாதம் அரும்பாக்கத்தில் பள்ளியிலிருந்து திரும்பிக் கொண்டிருந்த ஒரு சிறுமியைத் தெருவில் நின்ற மாடு முட்டித் தூக்கியது. அந்தக் காட்சி ஊரெங்கும் பேசப்பட்டது. அதே ஆண்டில் 2,000 ரூபாயாக இருந்த அபராதத்தை மாநகராட்சி 5,000 ரூபாய் ஆக்கியது. 2024-ல் மாமன்றம் அதை மீண்டும் உயர்த்தி, முதல் முறைக்கு 10,000 ரூபாய், மறுமுறைக்கு 15,000 ரூபாய் எனத் தீர்மானித்தது. இதற்கு மேல் நாள் கணக்கில் பராமரிப்புச் செலவும் உண்டு.

இத்தொகையைப் பால் கணக்கில் பார்த்தால் அதன் சுமை விளங்கும். நாளொன்றுக்கு எட்டு லிட்டர் கறக்கும் மாட்டின் பால் லிட்டர் 40 ரூபாய்க்கு விற்பதாக வைத்துக் கொள்வோம். நாள் வரவு 320 ரூபாய். 10,000 ரூபாய் அபராதம் கட்ட 31 நாள் பால் முழுவதும் போய்விடும். தீவனச் செலவைக் கழித்தால் மூன்று மாத உழைப்பு என்று சொன்னாலும் மிகையாகாது. காலையில் கயிற்றை அவிழ்த்து விட்டு மிச்சப்படுத்திய தீவனம் ஒருபோதும் இதை ஈடுகட்டாது.

இடமில்லாத மாட்டுக்காரருக்கு அபராதம் மட்டும் வழியாகாது என்பதை உணர்ந்து, மாநகராட்சி பொதுக் கொட்டகைகள் கட்டும் வேலையையும் மேற்கொண்டது. அபராதத் தொகை ஊருக்கு ஊர் வேறுபடும். மன்றத் தீர்மானத்தால் மாறவும் செய்யும். தம் பகுதியில் என்ன விகிதம் என்பதை அந்தந்த அலுவலகத்தில் விசாரித்துக் கொள்ள வேண்டும்.

பிற நகரங்களின் அனுபவம்

மாடுகளை நகரத்துக்கு வெளியே குடியேற்றுவது பழைய யோசனை. பம்பாய் நகரத்து மாட்டுத் தொழுவங்களை அப்புறப்படுத்தி, 1949-ல் ஆரே பால் குடியிருப்பை ஏற்படுத்தினார்கள். மாட்டுக்காரர்களுக்குக் கொட்டிலும், தீவன வசதியும், பாலை வாங்கிக் கொள்ளும் ஏற்பாடும் ஒரே இடத்தில் கிடைத்தன. நகரங்களில் மாடு வைத்திருப்பதையும் ஓட்டிச் செல்வதையும் கட்டுப்படுத்த மகாராஷ்டிரம் 1976-ல் சட்டமும் இயற்றியது. மேற்கு வங்கத்தில் மாடுகளுக்கு உரிமம் வழங்கும் சட்டம் 1959-ஆம் ஆண்டிலேயே வந்துவிட்டது. சென்னைக்கு அருகில் மாதவரத்திலும் ஒரு பால் குடியிருப்பு அமைந்தது. வேடிக்கை என்னவென்றால், நகரத்துக்கு வெளியே என்று தேர்ந்தெடுத்த அந்த மாதவரமும் 2011-ல் மாநகராட்சிக்குள் வந்துவிட்டது.

குஜராத்தில் நடந்தது வேறு கதை. அங்கே எட்டு மாநகராட்சிகளிலும் ஏராளமான நகரங்களிலும் உரிமம் இல்லாமல் மாடு வைத்திருக்கக் கூடாது, மீறினால் சிறைத் தண்டனையும் உண்டு என்று 2022 மார்ச்சில் சட்டமன்றம் ஒரு மசோதாவை நிறைவேற்றியது. பரம்பரையாக மாடு மேய்க்கும் மால்தாரி சமூகத்தினர் கொதித்து எழுந்தனர். நகரம் விரிந்து தங்கள் மேய்ச்சல் நிலத்தை விழுங்கிவிட்டது, மாடு எங்கே போகும் என்பது அவர்கள் கேள்வி. அந்த ஆண்டு செப்டம்பர் 21-ஆம் தேதி அவர்கள் பால் விற்பனையை நிறுத்தினர். அன்றே சட்டமன்றத்தில் மசோதா திரும்பப் பெறப்பட்டது.

இவ்விரண்டு அனுபவங்களையும் ஒப்பிட்டால் ஓர் உண்மை புலப்படும். மாற்று இடமும் தீவனமும் காட்டிய ஏற்பாட்டுக்கு மாட்டுக்காரர் கட்டுப்பட்டனர். இடம் காட்டாமல் தண்டனை மட்டும் காட்டிய சட்டம் நிற்கவில்லை. எல்லை விரியும் நகரங்களில் மேய்ச்சல் புறம்போக்கையும் குளக்கரையையும் காப்பாற்றித் தரும்படி விவசாயிகள் முன்கூட்டியே கூட்டாக மனுக் கொடுப்பதற்கு இது தக்க காரணமாகும்.

அடைத்து வைத்துப் பட்டினி போட்டால்

தெருவில் விட்டால் ஒரு சட்டம். விடாமல் அடைத்து வைத்துத் தீவனம் போடாவிட்டால் இன்னொரு சட்டம். 1960-ஆம் ஆண்டின் பிராணிவதைத் தடுப்புச் சட்டத்தின் 11-ஆம் பிரிவு இதைக் கூறுகிறது. சொந்தக்காரர் போதிய தீனி, தண்ணீர், இருப்பிடம் தராமல் இருப்பது குற்றம். நியாயமற்ற நீண்ட நேரம் குட்டைக் கயிற்றில் கட்டிப் போடுவது குற்றம். பசியாலும் தாகத்தாலும் வாடும்படி கைவிட்டுவிடுவதும் குற்றம். இந்தச் சட்டத்துக்கு நகரம், கிராமம் என்ற வேறுபாடு கிடையாது.

இச்சட்டம் விதித்த அபராதம் முதல் குற்றத்துக்கு 10 முதல் 50 ரூபாய் வரைதான். மூன்று ஆண்டுக்குள் மீண்டும் செய்தால் 25 முதல் 100 ரூபாய், அல்லது மூன்று மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். தொகையைப் பார்த்து அலட்சியமாக இருந்துவிடக் கூடாது. மாட்டை மருத்துவப் பராமரிப்பு இல்லத்துக்கு அனுப்பும்படி நீதிபதி உத்தரவிடலாம். கொண்டு போகும் செலவும் பராமரிப்புச் செலவும் சொந்தக்காரர் தலையில் விழும். வழக்கு நீண்டால் செலவும் நீளும். உரியவரிடம் விட்டால் மீண்டும் கொடுமை நேரும் என்று தோன்றினால், மாட்டின் உரிமையையே பறிக்க 29-ஆம் பிரிவு இடம் தருகிறது.

ஏழை விவசாயிக்கு ஒரு சலுகையும் இதில் உண்டு. சொந்தக்காரரின் வறுமையைக் கருதி, சிகிச்சைக் கட்டணம் வேண்டாம் என்று நீதிபதி உத்தரவிடலாம் என 35-ஆம் பிரிவு கூறுகிறது. இதைப் பலர் அறிவதில்லை. கேட்டால்தான் கிடைக்கும்.

பாலைப் பெருக்க உடலுக்குக் கேடான ஊசி போடுவதற்கு 12-ஆம் பிரிவு கடுமையான தண்டனை வைத்திருக்கிறது. 1,000 ரூபாய் வரை அபராதம், இரண்டு ஆண்டு வரை சிறை. மாடும் அரசுக்குச் சேர்ந்துவிடும். தீவனம் குறைந்த மாட்டிடம் ஊசியால் பால் இறக்க முனைபவர்கள் இதை நினைவில் கொள்ள வேண்டும்.

பவுண்டில் அடைத்தால்

கிராமப் புறத்தில் பயிரில் விழுந்த மாட்டைப் பிடித்து அடைப்பது 1871-ஆம் ஆண்டின் கால்நடை அத்துமீறல் சட்டப்படி நடப்பது. யானைக்கு 2 ரூபாய், ஆட்டுக்கு 1 அணா என்று அபராதம் வகுத்த பழைய சட்டம் அது. சென்னை, பம்பாய், கல்கத்தா ஆகிய மூன்று மாகாணத் தலைநகரங்களுக்கு அது பொருந்தாது என்று விலக்கப்பட்டிருந்தது. அதன் நடைமுறை மாட்டுக்காரருக்கும் பயிர்க்காரருக்கும் உதவக் கூடியது.

பயிரை மேய்ந்த மாட்டை நிலத்துக்காரர் பிடிக்கலாம். ஆனால் தம் வீட்டில் கட்டி வைத்துக் கொண்டு பேரம் பேசக் கூடாது. 24 மணி நேரத்துக்குள் பவுண்டுக்கு அனுப்பிவிட வேண்டும். பவுண்டுக்காரர் மாட்டின் அடையாளம், வந்த நாள், நேரம், பிடித்தவர் பெயர் ஆகியவற்றைப் பதிவேட்டில் எழுதி, பிடித்து வந்தவருக்கு நகல் தர வேண்டும். மாட்டுக்குத் தீனியும் தண்ணீரும் கொடுப்பது அவர் பொறுப்பு.

ஏழு நாளுக்குள் யாரும் வரவில்லை என்றால் காவல் நிலையத்துக்குத் தகவல் போகும். அவர்கள் அறிவிப்பு ஒட்டுவார்கள். அருகிலுள்ள கிராமத்திலும் சந்தையிலும் தண்டோரா போடுவார்கள். அதிலிருந்து மேலும் ஏழு நாளில் உரியவர் வராவிட்டால் மாடு ஏலத்துக்குப் போகும். ஆகவே மாடு காணாமற்போனால் முதல் நாளே பவுண்டிலும் காவல் நிலையத்திலும் விசாரிக்க வேண்டும். தானாக வரும் என்று இரண்டு வாரம் காத்திருந்தால் மாடு வேறொருவர் கொட்டிலில் நிற்கும். ஏலம் போனாலும் அபராதம், செலவு போக மீதிப் பணமும் கணக்கும் சொந்தக்காரருக்கு உரியவை.

நியாயமில்லாமல் மாட்டைப் பிடித்துவிட்டார்கள் என்றால், பிடித்த நாளிலிருந்து பத்து நாளுக்குள் மாஜிஸ்திரேட்டிடம் முறையிடலாம். ஆத்திரத்தில் பவுண்டிலிருந்து மாட்டை அவிழ்த்துக் கொண்டு வருவது மட்டும் கூடாது. அது தனிக் குற்றம்.

எத்தனை மாடு வைத்துக் கொள்ளலாம்?

சட்டம் கேட்பதற்கு முன் விவசாயி தாமே போட்டுப் பார்க்க வேண்டிய கணக்கு இது.

இடம்: ஒரு பசுவுக்குக் கூரையின் கீழ் 3.5 சதுர மீட்டரும், திறந்த வெளியில் 7 சதுர மீட்டரும் தேவை. எருமைக்கு 4-ம் 8-ம். ஆட்டுக்கு 1-ம் 2-ம். ஐந்து பசுவுக்குக் கூரை மட்டும் பதினேழரை சதுர மீட்டர் வேண்டும்.

தீவனம்: 400 கிலோ எடையுள்ள கறவைப் பசுவுக்கு நாளொன்றுக்கு 25 கிலோ பசுந்தீவனமும், 5 கிலோ வைக்கோல் அல்லது சோளத்தட்டையும் தேவைப்படும். ஐந்து மாட்டுக்கு நாள்தோறும் 125 கிலோ பசும்புல் அறுக்க வேண்டும். பாசன வசதியுள்ள நிலத்தில் மாட்டுக்குப் பத்து சென்ட் வீதம் கம்பு-நேப்பியர் ஒட்டுப்புல் போட்டால் ஓரளவு தட்டில்லாமல் ஓடும். ஐந்து மாட்டுக்கு அரை ஏக்கர்.

தண்ணீர்: குடிக்க மட்டும் மாட்டுக்கு 40 முதல் 60 லிட்டர். கோடையில் இன்னும் கூடும். கழுவவும் கொட்டிலை அலம்பவும் தனி.

சாணம்: மாட்டுக்கு நாளொன்றுக்கு 15 கிலோ என்று வைத்தாலும் ஐந்து மாட்டுக்கு 75 கிலோ. நகரத்தில் பக்கத்து வீட்டாரின் புகார் பெரும்பாலும் இதில்தான் தொடங்குகிறது. எருக்குழியோ சாண எரிவாயுக் கலனோ இருந்தால் புகாரும் இல்லை. வயலுக்கு உரமும் ஆயிற்று.

இந்த நான்கில் எது குறைவாக உள்ளதோ, அதுவே மாட்டின் எண்ணிக்கையைத் தீர்மானிக்க வேண்டும். நிலம் மூன்று மாட்டுக்குத்தான் புல் தரும் என்றால், கொட்டிலில் ஆறு மாட்டுக்கு இடம் இருந்தும் பயனில்லை. அரைவயிறு தின்னும் ஐந்து மாடு தருவதைவிட வயிறார உண்ணும் மூன்று மாடு அதிகம் கறக்கும் என்பதைக் கறவைக்காரர் அனைவரும் அறிவர்.

மிகுதியைக் குறைக்கும் வழிகள்

மாடுகள் தேங்குவதற்குப் பெரிய காரணம் சினை பிடிக்காத மாடு. சினைப் பருவத்தைக் கவனிக்காமல் ஒரு முறை தவறவிட்டால் 21 நாள் தீவனம் வீண். மூன்று முறை ஊசி போட்டும் சினை நிற்காத மாட்டைக் கால்நடை மருத்துவரிடம் காட்டிக் காரணம் அறிய வேண்டும். தாது உப்புக் கலவை கொடுப்பதாலும், குடற்புழு நீக்குவதாலும் பல மாடுகள் குணமடைகின்றன.

இரண்டாவது காரணம் காளைக் கன்று. கிடேரிக் கன்றாகவே பெரும்பாலும் பிறக்கச் செய்யும் பாலினம் பிரித்த விந்து இன்று கிடைக்கிறது. நல்ல கறவை மாடுகளுக்கு இதைப் பயன்படுத்தலாம்.

மூன்றாவது, விற்கும் நேரம். தேவைக்கு மேற்பட்ட கிடேரியைச் சினையான நிலையில் கோடைக்கு முன்பே விற்றால் நல்ல விலை கிடைக்கும். தீவனம் தீர்ந்து, மாடு மெலிந்த பிறகு சந்தைக்கு ஓட்டினால் தரகர் சொன்னதே விலை. பாசத்தால் வைத்திருந்து பட்டினி போடுவதைக் காட்டிலும், தீவனம் உள்ளவரிடம் விற்றுவிடுவது மாட்டுக்கும் நல்லது.

கவனிக்க வேண்டியவை

நகர எல்லைக்குள் இருப்பவர்கள் உரிமம், கொட்டில் பதிவு ஆகியவை பற்றி உள்ளாட்சி அலுவலகத்தில் எழுத்து மூலம் கேட்டு, ரசீதுகளைப் பத்திரப்படுத்த வேண்டும்.

மாட்டுக்கு 12 இலக்க எண் கொண்ட காதுவில்லை போட்டு, எண்ணைத் தனியே எழுதி வைக்க வேண்டும். பவுண்டில் "இது என் மாடு" என்று காட்ட இதைவிட நல்ல சான்று இல்லை. காப்பீட்டுக்கும் இது தேவை.

மேய்ச்சலுக்கு விட்டால் ஆளுடன் விட வேண்டும். மாலையில் எண்ணிப் பார்த்துக் கட்ட வேண்டும்.

மாடு பிடிபட்டால் அன்றே போய், அபராதத்துக்கும் பராமரிப்புக்கும் தனித்தனி ரசீது கேட்டு வாங்க வேண்டும். ஒவ்வொரு நாள் தாமதமும் செலவைக் கூட்டும்.

ஆண்டுக்கு ஒரு முறை, தை மாதம் தீவனம் மிகுந்திருக்கும் நேரத்தில் அல்லாமல் பங்குனி, சித்திரையில் புல் காய்ந்திருக்கும் நேரத்தில், எத்தனை மாட்டுக்குத் தீவனம் உள்ளது என்று கணக்கிட வேண்டும். அந்த எண்ணிக்கைதான் கொட்டிலின் உண்மையான அளவு. அதற்கு மேற்பட்டதை அந்தக் கோடைக்குள் விற்றுவிடுவதே சிக்கனம்.